சிரம்பியடிக்கும் நமக்கும் நடுவே: ஆபிரிக்கரைப் பற்றி நாம் கேட்கும் கதைகள்

1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து புறப்பட்ட ஒரு கப்பல் காற்றில் திசைமாறி எங்கள் புத்தளக் கரையில் ஒதுங்கியது. அதில் வந்தவர் இப்னு பதூதா. மொரோக்கோவின் தாஞ்சியர் நகரில் பிறந்தவர். ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டுவந்த கறுவாக் கட்டைகள் கரையில் குவிந்து கிடந்ததை அவர் எழுதி வைத்திருக்கிறார். ஆரியச் சக்கரவர்த்தி பாரசீகம் புரிந்தவர் என்பதையும், முத்துகளைக் காட்டி உபசரித்ததையும், பாவாதமலைக்குப் போக வழித்துணை கொடுத்து அனுப்பியதையும் சொல்கிறார். திரும்பும் வழியில் கொழும்பை ஆண்ட கடல் அதிபதி ஒருவரிடம் ஏறக்குறைய 500 அபிசீனியர், அதாவது எத்தியோப்பியர், இருந்தார்கள் என்றும் குறித்திருக்கிறார்.

இந்தப் பயண நூலைப் புத்தளத்தின் பழமைக்குச் சான்றாகப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். நான் அதைப் படிக்கும்போது வேறொன்றுதான் மனதில் நிற்கிறது. இந்தக் கரையைப் பற்றிய மிகப் பழைய நேரடி வருணனைகளுள் ஒன்று ஆபிரிக்கக் கண்டத்தில் பிறந்த ஒருவர் சொன்னது. அவர் பார்த்தார், நாம் பார்க்கப்பட்டோம். அவர் காட்டும் எத்தியோப்பியர்கள் கொழும்புத் துறையில் ஓர் அதிபதியின் பலமாக இருந்தவர்கள். பசித்த வயிற்றோடும் ஏந்திய கையோடும் அவர் யாரையும் காட்டவில்லை. ஆபிரிக்கர் என்றதும் இன்று நம் பிள்ளைகள் மனதில் எழும் படத்துக்கும் இதற்கும் ஏறத்தாழ எழுநூறு ஆண்டு இடைவெளி. அந்த இடைவெளியில் நடந்தது என்ன, அந்தப் படத்தை மாற்ற இன்று யார் என்ன செய்கிறார்கள், அதில் எது பலிக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தலவிலயில் இருந்துகொண்டு இதைக் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. கடலுக்கும் புத்தளம் களப்புக்கும் நடுவே கிடக்கும் கற்பிட்டி நிலநீட்டில் எங்கள் ஊர் இருக்கிறது. களப்பைத் தாண்டிப் புத்தளம் நகருக்குப் போய், அங்கிருந்து சில கிலோமீற்றர் உள்ளே சென்றால் சிரம்பியடி. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று மூன்று ஆட்சிகள் கப்பலேற்றிக் கொண்டுவந்த ஆபிரிக்கர்களின் வழிவந்தோர் வாழும் ஊர் அது. பெரும்பாலும் கத்தோலிக்கர். மார்ச்சிலும் ஆகஸ்டிலும் எங்கள் அன்னம்மாள் திருவிழாவுக்குத் தமிழரும் சிங்களவரும் திரளும் அதே மாவட்டத்தின் மக்கள். அயலில் இப்படியோர் ஊரை வைத்துக்கொண்டு, ஆபிரிக்கர் என்றால் யார் என்பதை நாம் திரைப்படத்திலிருந்தும் தொலைக்காட்சிச் செய்தியிலிருந்தும்தான் தெரிந்துகொள்கிறோம்.

படம் எப்படி உருவானது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அது பரவலாகத் தெரிந்த கதை. அடிமை வாணிபத்துக்கு ஒரு நியாயம் தேவைப்பட்டது. விற்கப்படுபவன் தன்னளவில் குறைந்தவன் என்று சொல்லிவிட்டால் விற்பவனின் மனச்சாட்சி உறங்கும். 1878இல் ஆய்வுப் பயணி ஸ்டான்லி தன் பயண நூலின் தலைப்பிலேயே ‘இருண்ட கண்டம்’ என்று எழுதினார். அந்தப் பெயர் தமிழ்ப் பாடப் புத்தகங்கள் வரை வந்து சேர்ந்தது. கொன்ராடின் ‘இருளின் இதயம்’ நாவல் ஆபிரிக்கரை மனிதப் பின்னணி இல்லாத வெறும் காட்சிப் பொருளாக்கிவிட்டது என்று நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்செபே 1975இல் அமெரிக்காவில் ஓர் உரையில் வெளிப்படையாகச் சொன்னபோது இலக்கியப் பேராசிரியர்கள் பலர் கோபப்பட்டார்கள். பின்னர் 1984இல் எத்தியோப்பியப் பஞ்சத்தின் காட்சிகள் பிபிசி வழியாக உலகத்தின் வரவேற்பறைகளுக்குள் வந்தன. அடுத்த ஆண்டு நிவாரணப் பணம் திரட்ட ‘லைவ் எயிட்’ இசை நிகழ்ச்சி நடந்தது. அந்தப் பணம் உயிர்களைக் காத்தது, மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பஞ்சத்துக்குப் பின்னால் இருந்த உள்நாட்டுப் போரும் அரசின் கொள்கையும் படத்தில் இல்லை. வறண்ட நிலம், ஈ மொய்த்த முகம், வெள்ளைக்காரரின் உதவி மூட்டை ஆகிய மூன்றுமே எஞ்சின. பிரிட்டனின் தன்னார்வ அமைப்பான விஎஸ்ஓ 2002இல் வெளியிட்ட ஆய்வில், வளரும் நாடுகள் என்றதும் பஞ்சமும் பேரழிவும் மேற்கின் உதவியுமே நினைவுக்கு வருவதாக அந்நாட்டு மக்களில் 80 வீதமானோர் கூறியிருந்தார்கள். கச்சேரி முடிந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு!

தமிழில் இது வந்த வழி கொஞ்சம் வேறு. நமக்குப் பஞ்சப் படத்தோடு சித்திரக்கதையும் வந்தது. ராணி காமிக்ஸ் படித்து வளர்ந்த தலைமுறைக்கு மாயாவியைத் தெரியும். முகமூடி அணிந்த வெள்ளைக்கார வீரர், மண்டையோட்டு வடிவக் குகை, அதற்குள் சிம்மாசனம், சுற்றிலும் அவரைத் தெய்வமாக எண்ணும் ஆபிரிக்கக் குள்ள மனிதர்கள். அந்தக் காட்டில் நீதி சொல்ல, சண்டையை நிறுத்த, கொள்ளையரைப் பிடிக்க தலைமுறை தலைமுறையாக ஒரு வெள்ளைக்காரர்தான் வேண்டும். தாமும் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வெள்ளையர் ஆட்சியில் கிடந்த ஒரு மக்கள் கூட்டத்தின் பிள்ளைகள் அதைப் படித்து, அந்த முகமூடிக்குள் தங்களைக் கற்பனை செய்துகொண்டார்கள். குகை வாசலில் ஈட்டியோடு நின்றவனாக எவரும் தம்மை நினைத்துப் பார்க்கவில்லை. இதில் படித்த பிள்ளைகளின் தவறு ஒன்றுமில்லை. கதை அப்படித்தான் இருக்கையை ஒதுக்கியிருந்தது.

பிறகு தமிழ்த் திரைப்படம். ‘அயன்’ (2009) கொங்கோவை வைரக் கடத்தலுக்கான களமாகக் காட்டியது. ‘சிங்கம் 2’ (2013) படத்தில் தூத்துக்குடிக் கடலில் போதைப்பொருள் கடத்தும் சர்வதேசக் குற்றவாளி ஒரு கறுப்பர். அதில் நடித்த டானி சபானி மேடை நாடகத்தில் தேர்ந்த பிரிட்டிஷ் நடிகர். அவருக்கு நம் சினிமா கொடுத்த வேலை உறுமுவதும் அடிவாங்குவதும். தூத்துக்குடிக்கு எதிர்க்கரையில் இருக்கும் எங்களுக்கு இதில் தனியாக ஒரு வருத்தம் உண்டு. கற்பிட்டிக் கடற்பரப்பில் பீடி இலை பிடிபட்டது, உலர்ந்த மஞ்சள் பிடிபட்டது என்று கடற்படைச் செய்திகள் அடிக்கடி வருகின்றன. பிடிபடுபவர்கள் நம்மவர்கள். அதைப் படித்துவிட்டு, கற்பிட்டிக்காரர் என்றாலே கடத்தல்காரர் என்று யாராவது சொன்னால் எங்களுக்கு எப்படி இருக்கும்? ஆனால் பரிசுப் பொதி மோசடியில் சிலர் பிடிபடும்போது ‘நைஜீரியப் பிரஜைகள் கைது’ என்று நாட்டின் பெயரைத் தலைப்பில் முன்னே வைத்துத் தமிழ்ச் செய்தி வருகிறது. அந்த நாட்டைப் பற்றி நம் வாசகர் அந்த ஆண்டு முழுவதும் படிக்கப்போகும் ஒரே செய்தியாகவும் பெரும்பாலும் அது அமைந்துவிடுகிறது. யுனெஸ்கோ வெளியிட்ட கணக்கின்படி 2006இல் இந்தியா 1,091 திரைப்படங்களையும் நைஜீரியா 872 திரைப்படங்களையும் எடுத்தன. அமெரிக்கா எடுத்தவை 485. சினிமாவே மூச்சாக வாழும் நமக்கு, அன்று இந்தியாவுக்கு அடுத்த இடத்தில் நின்ற சினிமா நாட்டைப் பற்றி ஒரு வரி தெரியாது.

இது படத்தோடும் தலைப்போடும் நின்றுவிடுவதில்லை. 2016 மே மாதம் டெல்லியில் ஒரு கொங்கோ இளைஞர் ஓட்டோவுக்கான தகராறில் அடித்துக் கொல்லப்பட்டார். 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் காணாமற்போன ஒரு பதின்வயதுப் பையன் இறந்ததையடுத்து, நைஜீரியர்களே காரணம் என்ற வதந்தி கிளம்பி, கண்ணில் பட்ட ஆபிரிக்க மாணவர்கள் கும்பலால் தாக்கப்பட்டார்கள். நரமாமிசம் தின்பவர்கள் என்ற பேச்சுகூட அப்போது எழுந்தது. அந்தப் பேச்சு அன்று காலையில் பிறந்ததல்ல.

இனிச் சிரம்பியடிக்கு வருவோம். இங்கேதான் சற்று நின்று பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

காப்பிரிகள் என்று இங்கே அவர்களைச் சொல்வார்கள். தென்னாபிரிக்காவில் கேட்கக் கூசும் வசையாகிவிட்ட சொல் அது. இங்கே அம்மக்களில் பலர் தம்மை அப்படியே சொல்லிக்கொள்கிறார்கள், அது அவர்கள் முடிவு. மூதாதையர் பெரும்பாலும் மொசாம்பிக் உள்ளிட்ட கிழக்காபிரிக்கக் கரைகளிலிருந்து வந்தவர்கள். போர்த்துக்கீசரிடம் படைவீரராகவும் அடிமைகளாகவும், ஒல்லாந்தரிடம் கோட்டை கட்டும் கூலிகளாகவும் இருந்தார்கள். கொழும்பில் ஒல்லாந்தர் அடிமைகளை இரவில் அடைத்து வைத்த இடத்தை ஆங்கிலத்தில் ‘அடிமைத் தீவு’ என்றே நெடுங்காலம் அழைத்தார்கள். தமிழில் நாம் கொம்பனித்தெரு என்கிறோம். ஆங்கிலேயர் வந்தபோது ஆபிரிக்கர்களைக் கொண்டு தனிப் படையணியே அமைத்தார்கள். 1803 கண்டிப் போரில் ஆங்கிலேயர் பக்கமும் ஆபிரிக்கர் இருந்தனர், கண்டி அரசன் பக்கமும் இருந்தனர். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். ஆபிரிக்கரும் பணியாற்றிய இலங்கை ரைபிள் படையணி 1873இல் கலைக்கப்பட்டது. புத்தளத்தில் நிலைகொண்டிருந்த ஆபிரிக்கப் படைவீரர்கள் இங்கேயே மண்ணைப் பிடித்துக் குடியமர்ந்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள்தான் சிரம்பியடியினர்.

இந்த வரலாற்றைச் சிதறிய ஆவணங்களிலிருந்தும் அம்மக்களின் வாய்ப்பேச்சிலிருந்தும் திரட்டி உலக அறிஞர் முன் வைத்தவர்களில் முதன்மையானவர் ஷிஹான் டி சில்வா ஜயசூரிய. இலங்கையில் போர்த்துக்கீசக் கிரியோல் மொழியையும் ஆபிரிக்கர் இடப்பெயர்வையும் பற்றி அவர் எழுதியவை இல்லாவிட்டால் நம்மிடம் இருந்திருப்பது வெறும் ஊர்க்கதைதான்.

அவர்களின் ‘மஞ்சா’ பாட்டை நேரில் கேட்டவர்களுக்குத் தெரியும். தொடக்கத்தில் அவசரமே இல்லை. ஒருவர் எடுத்துக் கொடுக்கிறார், மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். வாத்தியங்கள் வீட்டுப் பொருள்கள்தான்: பாதியாகப் பிளந்த தேங்காய்ச் சிரட்டை இரண்டு, கண்ணாடிப் போத்தலில் தட்டும் கரண்டி, கூடவே றபான். சிரட்டைகள் ஒன்றோடொன்று மோதும் ஒலியும் போத்தலின் கணீரென்ற ஒலியும் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். சின்னச் சின்ன அடிகள்தான், திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு சுற்றிலும் கதி கொஞ்சம் கூடும், இருந்தவர்கள் எழுவார்கள், நீண்ட பாவாடை அணிந்த பெண்கள் இடுப்பையும் தோளையும் தாளத்துக்குக் கொடுத்து ஆடத் தொடங்குவார்கள். உச்சத்தில் பாட்டு சட்டென நிற்கும். அடிகள் போர்த்துக்கீசக் கிரியோலில் உள்ளவை. இன்றைய இளையவர்கள் வீட்டில் பேசுவது சிங்களம், அதனால் எல்லா அடிகளுக்கும் பொருள் சொல்ல எல்லோராலும் முடிவதில்லை. ஆனாலும் தப்பாமல் பாடுகிறார்கள்.

இந்தத் தாளத்தை நாம் எல்லோரும் அறிவோம், எங்கிருந்து வந்தது என்பதைத்தான் அறியமாட்டோம். இலங்கையில் கலியாண வீடானாலும் பஸ் சுற்றுலாவானாலும் பைலா இல்லாமல் நடக்காது. பொலிஸ்காரராக இருந்த வொலி பஸ்தியான் அதைச் சிங்களத்தில் வளர்த்தார். ஏ. ஈ. மனோகரன் ‘சுராங்கனி’யோடு அதைத் தமிழுக்குள் கொண்டுவந்து சென்னை வரை ஆடவைத்தார். பைலாவின் வேரில் இருப்பது போர்த்துக்கீச இசையும் ஆபிரிக்கத் தாளமும் இக்கரையில் கலந்த கலவை. மட்டக்களப்புப் பறங்கியரின் ஆட்டப் பாடல்களுக்கும் மஞ்சாவுக்கும் உறவு உண்டு. யாழ்ப்பாணத்துக் கலியாண வீட்டில் மாமாமார் கைக்குட்டையைத் தூக்கிப்பிடித்து ஆடும் அந்த ஆட்டத்துக்குள் மொசாம்பிக்கின் ஏதோ ஒரு கிராமத்து அடி கேட்கிறது என்பது எனக்கு எப்போதும் பெருமையாகவே இருக்கிறது.

ஊடகம் சிரம்பியடிக்கு வருவதில்லை என்று சொல்ல முடியாது. அடிக்கடி வருகிறது. வந்து ஒரே கதையை எழுதிவிட்டுப் போகிறது. அந்தக் கதைக்கு இரண்டு பகுதிகள்: அழிந்துகொண்டிருக்கும் இனம், ஆடிப்பாடும் இனம். முதற் பத்தியில் ‘கடைசித் தலைமுறை’ என்ற சோகம், கடைசிப் பத்தியில் மூதாட்டி ஒருவர் ஆடும் படம். நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டவைதான். ஆனால் இந்த வார்ப்பில் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. அழிகிறார்கள் என்று சொல்லும்போது, சிங்களவரோடும் தமிழரோடும் கலந்து மணந்து பிள்ளைகுட்டிகளோடு வாழும் ஒரு சமூகத்தின் வாழ்வு வெறும் இழப்பாகக் கணக்கிடப்படுகிறது. கலப்பை அழிவு என்று எழுதுபவர், தூய இரத்தம் என்று ஒன்று இருப்பதாகத் தம்மை அறியாமலே ஒப்புக்கொள்கிறார். ஆடுகிறார்கள் என்று மட்டும் சொல்லும்போது, அவர்கள் காலையில் எந்த வேலைக்குப் போகிறார்கள், காணி உறுதி இருக்கிறதா, பிள்ளை எந்தப் பாடசாலையில் எத்தனையாம் ஆண்டு வரை படிக்கிறது என்பதெல்லாம் எவருக்கும் தேவையற்றதாகிவிடுகிறது. சனத்தொகைக் கணக்கெடுப்பின் இனப் பட்டியலிலும் அவர்களுக்குத் தனி வரி இல்லை, ‘ஏனையோர்’ என்பதற்குள் போய்விடுகிறார்கள். விழாவுக்கு மட்டும் அழைக்கப்படும் மக்களை அரசாங்கப் படிவமும் மறந்துவிடுவதில் வியப்பில்லை.

புகழ்ச்சியும் ஒரு கூண்டாகும் என்பதற்கு இந்தியாவின் சித்திகள் தெளிவான சான்று. கர்நாடகத்தின் உத்தர கன்னடத்திலும் குஜராத்திலும் ஐதராபாத்திலும் வாழும் ஆபிரிக்க வழியினர் அவர்கள். 1987இல் இந்திய விளையாட்டு ஆணையம் இவர்களின் பிள்ளைகளைத் தேடிப் பயிற்சிக்குச் சேர்த்தது. ஆபிரிக்க உடல், ஒலிம்பிக் பதக்கம் கொண்டுவரும் என்பது எண்ணம். சிலர் தேசிய அளவில் வென்றார்கள். சில ஆண்டுகளில் திட்டம் கைவிடப்பட்டது, பிள்ளைகள் காட்டோரக் கிராமங்களுக்கே திரும்பினார்கள். ஓடத் தெரிந்தவர்கள் என்ற நம்பிக்கை அவர்கள் மேல் வைக்கப்பட்டது உண்மை. அது அவர்களுடைய நம்பிக்கையாக இருக்கவில்லை.

அதே காலத்தில் அதே சித்திகளிடம் வேறொரு முயற்சியும் நடந்தது. 1980களில் கர்நாடகத்தின் ஹெக்கோடுவைச் சேர்ந்த நீனாசம் நாடகக்காரர்கள் மஞ்சிகேரியில் சித்திகளை நடிகர்களாகக் கொண்டு அச்செபேயின் ‘சிதைவுகள்’ நாவலை மேடையேற்றினார்கள். ஆபிரிக்கக் கிராமம் ஒன்றுக்குள் வெள்ளையர் ஆட்சி நுழைந்து அதைக் குலைக்கும் கதையை, ஆபிரிக்காவிலிருந்து பிடுங்கப்பட்டவர்களின் சந்ததி கன்னடத்தில் நடித்தது. இரண்டு முயற்சிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்று அவர்களின் கால்களைக் கேட்டது, மற்றது அவர்களுக்கு ஒரு வரலாற்றைக் கையில் கொடுத்துப் பேசு என்றது. 2020இல் சாந்தாராம் சித்தி கர்நாடக மேலவைக்கு நியமிக்கப்பட்டார். குஜராத்தில் சித்திப் பெண்களைத் திரட்டி உழைத்த ஹீராபாய் லோபிக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இவ்விரு பெயர்களையும் நம் தமிழ்ப் பத்திரிகைகளில் எத்தனை பேர் படித்திருப்போம்?

வரலாற்றிலும் ஆளில்லாமல் இல்லை. 1548 அளவில் எத்தியோப்பியாவில் பிறந்து, பலமுறை கைமாற்றி விற்கப்பட்டுத் தக்காணம் வந்து சேர்ந்த மாலிக் அம்பர், அகமதுநகர் அரசின் ஆட்சிப் பொறுப்பையே ஏற்றார். பின்னாளில் ஔரங்காபாத் ஆன கட்கி நகரை நிறுவினார். கரந்தடிப் போரால் மொகலாயப் படையை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்தார். 1626இல் இறக்கும் வரை பேரரசர் ஜகாங்கீரால் அவரை வெல்ல முடியவில்லை. களத்தில் முடியாததை ஜகாங்கீர் ஓவியத்தில் செய்துகொண்டார். மாலிக் அம்பரின் வெட்டிய தலையை ஈட்டிமுனையில் நிறுத்தி, தாம் அதன்மேல் அம்பெய்வதாக வரையச் செய்தார். அபுல் ஹசன் வரைந்த அந்தப் படம் இன்றும் இருக்கிறது. ஊடகத்தைக் கையில் வைத்திருப்பவன் தோற்ற போரையும் வென்றதாகக் காட்டலாம் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று தேடவேண்டியதில்லை.

எளிய மக்களின் கதைகள் அரசர்களின் படங்களைவிட நேர்மையாக இருந்திருக்கின்றன. கொச்சியில் ‘காப்பிரி முத்தப்பன்’ வழிபாடு உண்டு. 1663இல் ஒல்லாந்தர் கொச்சியைப் பிடித்தபோது, தப்பியோடிய போர்த்துக்கீசர் தம் செல்வத்தைச் சுவருக்குள் புதைத்து, காவலுக்கென்று ஆபிரிக்க அடிமைகளைக் கொன்று கூடவே புதைத்தார்கள் என்பது அங்குள்ள ஐதிகம். அந்த அடிமையின் ஆவியை மட்டாஞ்சேரி மக்கள் பேயாக ஆக்கி விரட்டவில்லை. முத்தப்பன் என்று உறவு சொல்லிச் சுருட்டும் கள்ளும் வைத்து, வழிதெரியாதவருக்கு வழிகாட்டும் நல்லவராக நினைக்கிறார்கள். செய்த கொடுமையையும் மறைக்காமல், செத்தவனைச் சிறுமைப்படுத்தாமல் ஒரு கதை சொல்ல முடிந்திருக்கிறது, எந்தப் பல்கலைக்கழகத்தின் துணையும் இல்லாமல்.

நம்பிக்கைக் கதை என்று இன்று பேசப்படுவதில் இரண்டு வகை இருக்கின்றன, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ‘தி எக்கனாமிஸ்ட்’ சஞ்சிகை 2000 மே மாதத்தில் ஆபிரிக்காவை ‘நம்பிக்கையற்ற கண்டம்’ என்று அட்டையில் போட்டது. 2011 டிசம்பரில் அதே சஞ்சிகையின் அட்டையில் ‘எழும் ஆபிரிக்கா’ வந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளை முதலில் ஒரே சவக்குழியில் போட்டார்கள், பிறகு ஒரே பட்டத்தில் பறக்கவிட்டார்கள். முதலீட்டாளருக்கான நற்செய்தி கதையாகாது. நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா அடீச்சி 2009இல் ஆற்றிய புகழ்பெற்ற உரையில் சொன்ன ஒரு சம்பவம் இங்கே பொருந்தும். அமெரிக்காவில் அவரோடு அறையில் தங்கிய மாணவி அவருடைய ‘பழங்குடி இசை’யைக் கேட்க விரும்பினாள். அடீச்சி எடுத்துக் கொடுத்தது மரையா கேரியின் ஒலிநாடா. அதே உரையில், தன் வீட்டு வேலைக்காரப் பையனின் குடும்பத்தைத் தான் வறுமையாக மட்டுமே பார்த்து வந்ததையும் அவர் சொல்கிறார். நான் நம்பிக்கைக் கதை என்று சொல்வது இதைத்தான்: துயரத்தை மூடிமறைக்காமல், அந்த மனிதரின் மற்ற அறைகளையும் திறந்து காட்டுவது. கடன், காதல், தொழில், பிடிவாதம், பகிடி எல்லாம் உள்ளவராக அவரை விடுவது.

தென்னிந்திய சினிமாவில் இதற்கு மிக அருகில் வந்தது மலையாளப் படமான ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’ (2018). சகரியா முகமது இயக்கியது. மலப்புறத்தின் செவன்ஸ் கால்பந்துக்கு வந்து காயம்பட்ட நைஜீரிய வீரனை, குழு நடத்துபவரின் தாயும் அயல்வீட்டு மூதாட்டியும் மொழி தெரியாமலே பேணுகிறார்கள். நாட்டில் அவனுக்குப் பாட்டி இருக்கிறார், தங்கைகள் இருக்கிறார்கள், கடவுச்சீட்டுக் கவலை இருக்கிறது. வில்லனும் இல்லை, மீட்பனும் இல்லை. அந்த ஆண்டின் சிறந்த மலையாளப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. படம் வெளியான பின், அந்த வீரனாக நடித்த நைஜீரியர் சாமுவேல் ராபின்சன் தன் ஊதியம் குறைவென்று பொதுவெளியில் முறையிட்டார், பிறகு அது பேசித் தீர்க்கப்பட்டது. இதையும் சொல்லத்தான் வேண்டும். திரையில் கொடுக்கும் மதிப்பு சம்பளப் பட்டியலிலும் தெரிகிறதா என்று கேட்பது இந்தக் கேள்வியின் ஒரு பகுதியே.

எழுத்தில் ஈழத்தமிழர் செய்தது குறைவல்ல, அதைக் கொண்டாடாமல் விட்டதுதான் குறை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இலங்கை ஆசிரியர்கள் நைஜீரியாவுக்கும் சாம்பியாவுக்கும் வேலைக்குப் போனார்கள். ஆபிரிக்க முதலாளியிடம் சம்பளம் வாங்கி, ஆபிரிக்கப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து, அந்தப் பணத்தில் இங்கே வீடு கட்டினார்கள். அ. முத்துலிங்கம் சியெரா லியோனிலும் சூடானிலும் சோமாலியாவிலும் பணியாற்றிய அனுபவத்திலிருந்து எழுதிய கதைகளில் ஆபிரிக்கர்கள் சமையற்காரராக, அதிகாரியாக, காதலியாக, தந்திரக்காரராக வருகிறார்கள். அவர்களைப் பார்த்து வாசகர் சிரிக்கலாம், அவர்களோடு சேர்ந்து அழலாம், இரக்கப்பட்டு நாணயம் வீச இடமில்லை. சித்திகள் நடித்த அச்செபேயின் அதே நாவலை என். கே. மகாலிங்கம் ‘சிதைவுகள்’ என்று தமிழாக்கினார். கூகி வா தியாங்கோவின் நாவல்களும் தமிழில் உண்டு. இவற்றில் ஒன்றையாவது க.பொ.த. உயர்தரத் தமிழ் மாணவர் கையில் கொடுத்தால், மாயாவிக்குக் கொடுத்த இடத்தை அவர் கொஞ்சம் நகர்த்தி வைப்பார்.

எங்கள் களப்புக்குப் பயன்படும் ஆபிரிக்கக் கதை ஒன்றும் இருக்கிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இறால் பண்ணைகளுக்காகப் புத்தளம் களப்போரக் கண்டல் காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டன. பிறகு நோய் வந்து பண்ணைகள் பல கைவிடப்பட்டன, கண்டலும் போய் இறாலும் போனது. கென்யாவின் காசி விரிகுடாவிலும் கண்டல் விறகுக்கும் மரத்துக்கும் வெட்டப்பட்டுத் தேய்ந்திருந்தது. அங்கே காசி, மக்கோங்கேனி என்ற இரு மீனவக் கிராமங்கள் 117 ஹெக்டேயர் கண்டலைத் தாமே காத்து, அது உறிஞ்சும் கரியமில வாயுவுக்கு உலகச் சந்தையில் காசு வாங்கும் ‘மிக்கோக்கோ பமோஜா’ திட்டத்தை 2013இல் தொடங்கின. கண்டலை வைத்து இப்படிச் செய்த முதல் சமூகத் திட்டம் உலகில் அதுவே. வரும் பணத்தில் குடிநீர்க் குழாயும் பாடசாலைக்கான செலவும் நடக்கின்றன. 2017இல் ஐ.நா. அபிவிருத்தித் திட்டம் அவர்களுக்கு விருது கொடுத்தது. கற்பிட்டி மீனவர் கூட்டத்தில் உதாரணம் சொல்ல நோர்வேயையும் யப்பானையும் தேடுகிறோம். நம்மைப் போலவே வலை இழுக்கும், நம்மைப் போலவே கண்டலை இழந்த ஆபிரிக்கக் கிராமங்களிடம் கேட்டுப் படிக்க வேண்டியது இருக்கிறது. அந்தக் கதையில் ஆபிரிக்கர் ஆசிரியர், மாணவர் நாம்.

புத்தளத்துக்கு இதெல்லாம் புரியாமல் போகக் காரணமே இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் இந்த மாவட்டத்தில்தான் பெருமளவில் வந்து தங்கினார்கள். வைத்தியரும் வியாபாரியும் ஆசிரியரும் விவசாயியுமாக இருந்தவர்கள் அனைவரும் ஒரே இரவில் ‘அகதி’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைபட்டார்கள். முப்பது ஆண்டுக்குப் பிறகும், இங்கேயே பிறந்த பிள்ளையைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் நம் பிள்ளைகளைக் கேட்டால், இலங்கைத் தமிழர் என்றதும் எதிரே இருப்பவரின் கண்ணில் போரும் படகும் மட்டும் ஓடுவதைச் சொல்வார்கள்.

ஆகவே செய்யவேண்டியவை கண்முன்னே கிடக்கின்றன. குற்றச் செய்தியின் தலைப்பில் நாட்டின் பெயர் எதற்கு என்று தமிழ்ச் செய்தி ஆசிரியர் ஒவ்வொரு முறையும் கேட்கலாம். மொசாம்பிக்கில் தேர்தல், கானாவில் புத்தகச் சந்தை, நைரோபியில் கைபேசிப் பணம் என்று அந்நாடுகளின் சாதாரண நாள்களுக்கும் வாரத்தில் ஒரு பத்தி ஒதுக்கலாம். புத்தள மாவட்டப் பாடசாலைகளில் உள்ளூர் வரலாறு சொல்லும்போது இப்னு பதூதாவோடு சிரம்பியடியையும் சேர்த்துச் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் முன்னதாக மஞ்சாப் பாடல்கள் முழுமையாகப் பதிவாக வேண்டும். ஆட்டத்தை மட்டும் ஒளிப்பதிவு செய்தால் போதாது. பாடுபவரே தனக்குத் தெரிந்த பொருளைத் தன் வாயால் சொல்லி, எவரிடம் கற்றார், எந்த நிகழ்வில் எதைப் பாடுவார்கள், எதை இப்போது பாடுவதில்லை, ஏன் என்பதையும் அதில் சேர்க்க வேண்டும். கேள்விகளை அந்த ஊர் இளையவர்களே தயாரிக்கட்டும், ஒலிவாங்கியும் அவர்கள் கையில் இருக்கட்டும். பதிவின் உரிமையும், அதிலிருந்து பணம் வந்தால் அதுவும் அவர்களுடையது என்று எழுத்தில் இருக்கட்டும். கிரியோல் அடிகளுக்குப் பொருள் அறிந்த மூத்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள், இந்த வேலைக்கு இன்னும் பத்தாண்டு காத்திருக்க முடியாது.